ஐந்தருவியில் பிடித்த கை

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். இதை ஒப்புக்கொள்ள முப்பது வருஷம் ஆயிற்று.

நான் பனையேறி. காற்றடித்தாலும் உச்சியில் உட்கார்ந்து பாளை சீவுவேன். அதை நம்பித்தான், வெள்ளைக்காரன் காலத்தில் ஒருநாள், எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார் கூப்பிட்டார்.

"பிள்ளைகளைக் குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். துணைக்கு நீரும் வாரும்."

என் மகள் செல்லம்மாள் பக்கத்தில் நின்றாள். எட்டு வயசு. அவள் முன்னால் மாட்டேன் என்று சொல்ல மீசை விடவில்லை. (அப்போது மீசை பெரிசு.)

மாட்டுவண்டியில் போனோம். ஐந்தருவிச் சத்தம் கேட்டதுமே வண்டிச் சட்டத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாத்தியார் எல்லோருக்கும் எண்ணெய் தேய்க்கச் சொன்னார். எனக்கும்தான்.

"உள்ள போனா பாறையை விட்டு நகராதட்டி" என்று செல்லம்மாளிடம் சொல்லி, அவள் கையைப் பிடித்து அருவிக்குள் போனேன். கண்ணை மூடிக்கொண்டேன். தலையில் கல் கல்லாக விழுந்தது. எண்ணெய்க் கை வழுக்கியது. தடவி மறுபடி பிடித்தேன். விடவில்லை. எட்டு வயசுப் பிள்ளைக்குக் கையில் இத்தனை முடி ஏது என்று தோன்றவில்லை.

வெளியே வந்து கண்ணைத் திறந்தேன். ஒரு தடித்த ஆள்.

"கையை விடும்வே. எலும்பு நொறுங்குது."

"எம் பிள்ளை எங்கவே?"

"எனக்கென்ன தெரியும்? முங்கிச் சாகப்போற ஆளுன்னுல்லா உம்மை இழுத்துட்டு வாரேன்."

கீழே ஓடுகிற தண்ணீரில் ஒரு சிவப்புத் துணி போயிற்று. செல்லம்மாள் பாவாடையும் சிவப்பு.

'சுடலைமாடா, பிள்ளையைக் கொடு. மீசையைத் தாரேன்' என்று மனசுக்குள் சொல்லிக் குதித்தேன். இடுப்பளவு தண்ணீர்தான். துணி யாரோ விட்ட துண்டு.

திரும்ப அருவிக்குள் ஓடினேன். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு.

விட்ட இடத்திலேயே பாறையோடு ஒட்டி நின்றாள். உதடு நீலம். அழவில்லை.

"பயமா இல்லையாட்டி?"

"நீங்கதான நகராதன்னீக. வருவீகள்லா."

அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். நான் சாமியிடம் பேரம் பேசி நம்பினேன். அவள் என்னைச் சும்மா நம்பினாள். என்னை நம்பலாமா என்று எனக்கே தெரியாது.

அன்றோடு சாமியிடம் பேரத்தை விட்டேன். ஆனால் பேசினதைக் கொடுக்காமல் முடியாது. அந்த வெள்ளிக்கிழமை மீசை போயிற்று. வாசலில் என் பெண்டாட்டி, "யாரைத் தேடி வந்திருக்கீக?" என்றாள்.

இப்போது செல்லம்மாளுக்கே பிள்ளைகள். தென்காசித் தேர்க்கூட்டத்தில் பேரன் கையைப் பிடித்தால் போதும், பின்னாலிருந்து சொல்லுவாள்:

"எப்பா, முடி இருக்கான்னு தடவிப் பாத்துக்கிடுங்க."

தடவித்தான் பார்க்கிறேன்.