காத்திருந்து பாடும் சபை

அன்பும் அறிவும் நிறைந்த கொழுந்தனார் தம்பிக்கு, அண்ணி எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் முழங்கால் உட்பட சுகமாயிருக்க ஜெபிக்கிறேன்.

நம்ம சபையின் வரலாற்றைப் புத்தகமாகப் போடப் போவதாகவும், எனக்குத் தெரிந்ததை எழுதி அனுப்பும்படியும் கேட்டிருந்தீர்கள். உங்கள் அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டுப் போனதற்கு அப்புறம் வந்த முதல் கடிதம் இதுதான். பிரிக்கும்போது அழுதேன், பிரித்த பிறகு சிரித்தேன். என் படிப்பு உங்களுக்குத் தெரியும். பிழை இருந்தால் நீங்கள் வாத்தியார், திருத்திக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் கோயில் கிடையாது. தச்சர் பட்டறையில்தான் ஆராதனை. முழங்கால் போட்டு எழுந்தால் மரத்தூள் ஒட்டியிருக்கும், அதனால யார் ஜெபிச்சாங்க, யார் சும்மா சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தாங்கன்னு வெளியே வரும்போதே தெரிஞ்சிடும். அதுக்குப் பயந்துதான் சீக்கிரமா கல்தரை போட்டுக் கோயில் கட்டினாங்கன்னு உங்க அண்ணன் சொல்வார். போதகர்கள் பெயர் கேட்டிருந்தீங்க. பெயர் எனக்கு நிக்கலை. முதல்ல நெட்டைப் போதகர், அடுத்து இருமல் போதகர், அப்புறம் தன் பிரசங்கத்துக்குத் தானே அழுவாரே, அவர். நடுவுல ஆர்மோனியம் வேணுமா வேண்டாமான்னு சண்டை போட்டுப் பாதிப் பேர் எதிர்த்தெருவுல தனிச்சபை வெச்சாங்க. அங்கே கூரை ஒழுகவும் திரும்பி வந்துட்டாங்க. மனந்திரும்பி வந்தார்கள் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் யாரைக் கேட்டாலும் சொல்வாங்க தம்பி. நான் எழுத வந்தது வேற. ஊர்ல இருக்கிறவங்க கடிகாரத்தை எல்லாம் சரியா ஓட வெச்ச உங்க அண்ணன், பாட்டுல மட்டும் எப்பவும் பின்னாடிதான். வரி முடிஞ்சு எல்லாரும் வாயை மூடின பிறகும் கடைசி வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு இழுப்பார். நான் பக்கத்துல நின்னு கிள்ளுவேன், அப்போ இன்னும் சத்தமா இழுப்பார். இருமல் போதகர் வீட்டுக்கே வந்து, “ஐயா, கொஞ்சம் வேகமாப் பாடக் கூடாதா?”ன்னு கெஞ்சினார். இவர் கண்ணுல இருந்த பூதக்கண்ணாடியைக் கூடக் கழற்றலை. “ஆண்டவருக்கு என்ன ஐயா அவசரம்?”னார். போதகருக்கு இருமல் வந்துடுச்சு. அடுத்த வாரத்திலிருந்து, உங்க அண்ணன் முடிக்கிற வரைக்கும் எல்லாரும் நிறுத்திட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகணும்னு ஆச்சு.

போதகர்கள் மாறிட்டாங்க, நிறுத்தம் மட்டும் மாறலை. புதுசா வந்தவங்க அதை இந்தச் சபை வழக்கம்னு நினைச்சாங்க. ஒருமுறை பேராயர் வந்து, “ஒவ்வொரு வரிக்கும் தியானிக்கிற சபை”ன்னு புகழ்ந்துட்டுப் போனார். உங்க அண்ணன் யாரையோ சொல்ற மாதிரி தலையாட்டிக்கிட்டு நின்னார். தையல்காரர் மகள் கல்யாணமாகிப் போன ஊர்க் கோயில்ல வரிக்கு வரி வாயை மூடிட்டு நின்னாளாம். மாமியார், “ஏம்மா, பாட்டு மறந்து போச்சா?”ன்னு கேட்க, “இல்லை அத்தை, எங்க ஊர் கடிகாரக்காரர் இன்னும் முடிக்கலையே”ன்னாளாம்.

அவர் போன பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் வரி முடிஞ்சது. பழக்கத்துல எல்லாரும் நிறுத்தினாங்க. அவர் குரல் வரலை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம் அடுத்த வரி, மறுபடியும் அப்படியே. எனக்கு அவர் அந்த இடத்துல நிக்கிற மாதிரியே இருந்தது தம்பி. வீட்டுல அந்த மாதிரி இல்லை. ரிப்பேருக்குக் கொடுத்தவங்க ஒவ்வொருத்தரா வந்து கடிகாரத்தை வாங்கிட்டுப் போறாங்க, சத்தம் குறைஞ்சுகிட்டே வருது. மிச்சம் இருக்கிறது ஓடாத கடிகாரம். வாரம் முழுக்க நான் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்.

அதுக்கும் இப்போ ஆபத்து வந்துடுச்சு. கோயிலுக்குப் புதுசா கீபோர்டு வாங்கியிருக்காங்க, மருந்துக்கடைக்காரர் மகள் வாசிக்கிறா. பொத்தானைத் தட்டினா மேளம் தானா அடிக்குது, யாருக்காகவும் நிக்காது. இனிமே இடைவெளி விடாமப் பாடணும்னு கமிட்டி முடிவு பண்ணி ஒத்திகையும் வெச்சுட்டாங்க. நான் செயலாளர்கிட்டப் போய்ச் சண்டை போட்டேன். “அம்மா, மெஷின் நிக்காதும்மா”ன்னார். “மெஷினுக்கு மூச்சு வாங்காது, நமக்கு வாங்குமே”ன்னேன். “அவர் இருந்தவரைக்கும் சரி. இப்போ யாருக்கும்மா காத்திருக்கிறது?”ன்னார். நேரா வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்துட்டேன்.

அதனால உங்களைக் கேட்கிறேன். இந்தச் சபையில் வரி முடிந்ததும் காத்திருந்து பாடுவார்கள் என்று புத்தகத்தில் ஒரு வரி போடுங்கள். அண்ணன் பெயர்கூட வேண்டாம். அச்சில் வந்துவிட்டால் கமிட்டி கை வைக்காது. வேறு எதுவும் உங்களிடம் நான் கேட்டதில்லை.

தங்கச்சிக்கு என் பிரியம். பிள்ளைகளுக்கு முத்தம். கர்த்தருடைய கண் உங்கள் வீட்டு வாசலைவிட்டு எடுபடாதிருப்பதாக.

இப்படிக்கு,
அண்ணி

பின்குறிப்பு: நேற்றுத் தபாலில் போட முடியவில்லை, நல்லதாகப் போயிற்று. இன்றைக்கு ஆராதனையில் மேளம் அடிச்சது, யாரும் நிறுத்தலை, ஓட்டமா ஓடினாங்க. எனக்குத்தான் வாய் ஓடலை. நான் கடைசி வார்த்தையிலேயே இழுத்துக்கிட்டு நிக்கிறேன்! இத்தனை வருஷம் கிள்ளினதுக்கு மனுஷன் பழி வாங்கிட்டார். செயலாளர் திரும்பி முறைச்சார். அந்தப் பொண்ணு என்னைப் பார்த்தா, பொத்தானைத் தட்டினா, மேளம் நின்னுடுச்சு. கோயில் பூரா என் குரல் ஒண்ணுதான், கேட்கச் சகிக்கலை. முடிச்சேன். அப்புறம்தான் எல்லாரும் அடுத்த வரிக்குப் போனாங்க. கடைசிப் பாட்டு வரைக்கும் அப்படித்தான் நடந்தது.

ஆகையால் அந்த ஒரு வரியைப் போட வேண்டாம். வரலாற்றுல போய்விட்டவங்களைப் பத்தித்தானே எழுதுவீங்க, நான் இன்னும் பாடி முடிக்கலை.