சனல் அண்ணனும் மூன்றாம் மாடிக் கல்யாணமும்

வைஃபையைக் கண்டுபிடித்தவர் எங்கள் சனல் அண்ணன்தான். யாரோ வெளிநாட்டுக்காரர்கள் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். எங்கள் லொட்ஜின் சுவர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது, ஒரு முழத் தடிப்பு. பக்கத்து அறையில் ஆள் கத்தினாலே கேட்காது. அதற்குள்ளால் இன்டர்நெட்டைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனவர் அவர்!

நாவலப்பிட்டியிலிருந்து கண்டிக்கு வந்து நான் அந்த லொட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்த காலம். மூன்று மாடி, பன்னிரண்டு அறை, லிஃப்ட் கிடையாது. முதலாளி ஒரு ஹாஜியார். வாரத்தில் மூன்று நாள் வந்து எங்கள் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் யாழ்ப்பாணத்து மனிதர்தான் சனல் அண்ணன். சொந்தப் பெயரை ஒருவரும் பாவித்ததில்லை.

மாடிக்கு ஒன்றாக மூன்று வயர்லெஸ் பெட்டிகள் மாட்டியிருந்தார், கீழே உள்ளது ஹாஜியாரின் அறையில். ரேடியோவுக்கு இருப்பதுபோல அவற்றுக்கும் சனல்கள், அதாவது அலைவரிசைகள், உண்டு. தள்ளித் தள்ளி வைக்காவிட்டால் ஒன்றின் பேச்சில் மற்றது குறுக்கே விழுமாம். இதைக் கடிதம் கொடுக்க வந்த தபால்காரரையும் மறித்து வைத்துச் சொல்லியிருக்கிறார்.

"மூண்டு பேர் ஒரே நேரத்தில கதைச்சா ஆருக்கு என்ன விளங்கும் பிள்ளை? ஒண்டு, ஆறு, பதினொண்டு. உலகம் அவ்வளவுதான்."

மனிதர்களையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருந்தார். சமையற்காரரும் வாச்சரும் சண்டை பிடித்தபோது ஒருவரை முதலாம் நம்பர் அறையிலும் மற்றவரை ஆறாம் நம்பர் அறையிலும் இருத்திப் பகல் சோறு கொடுக்க வைத்தார். சண்டை உடனே நின்றது. ஹாஜியாருக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

"ரூமெல்லாம் ஒனக்கு சனலா? கெஸ்ட் வந்தா எங்க போடுற, பதினொண்டிலயா?"

"ஓம் ஹாஜியார், அது சும்மாதானே கிடக்கு."

இரண்டு பேருக்கும் தினமும் இப்படித்தான். பெட்டிகளைத் திறந்து மாற்றும் பாஸ்வேர்டை அவர் முதலாளிக்கே சொல்லவில்லை. "என்ட லொட்ஜ், என்ட பெட்டி, எனக்கே இல்லியா?" என்று ஹாஜியார் குதிப்பார். "சொன்னா நோண்டுவியள்" என்று சொல்லிவிட்டு இவர் ஏணியில் ஏறிவிடுவார்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் அவருடைய கட்டம் போட்ட கொப்பியில்தான். லொட்ஜின் ஒவ்வொரு மாடியையும் வரைந்து, எந்தப் பெட்டி எவ்வளவு தூரம் எட்டும் என்று சிவப்புப் பேனையால் வட்டம் வட்டமாகப் போட்டிருப்பார். யுத்த காலம். தமிழ் ஆள் ஒருவர் பையில் கட்டட வரைபடம், அதில் சிவப்பு வட்டம்! "அண்ணே, அதை இங்கயே வச்சிட்டுப் போங்க" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே.

அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வயதான ஐயாவும் அம்மாவும் வந்து மூன்றாம் மாடிக் கடைசி அறையில் தங்கினார்கள். லண்டனில் ஒரே மகளுக்குக் கல்யாணம். விசா கேட்டு வந்த இவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கொழும்பு லொட்ஜ்களில் ராணுவச் சுற்றிவளைப்பு என்று பயந்து கண்டிக்கு வந்த இடத்தில், ஐயா படியில் வழுக்கிக் காலில் மாவுக்கட்டு, கீழே இறங்கவும் வழியில்லை. "மகள் கழுத்தில தாலி ஏறுறதைக் கண்ணால பாத்தாப் போதும் தம்பி" என்று அம்மா அழுததும் சனல் அண்ணன் தன் சொந்த லெப்டொப்பைக் கொண்டுபோய் அவர்கள் கட்டிலருகே வைத்தார். நம் நேரப்படி பிற்பகல் மூன்று மணிக்கு முகூர்த்தம்.

கல்யாணத்தன்று காலை பத்து மணிக்கு உடவத்தைக் காட்டிலிருந்து வந்த குரங்கு ஒன்று மூன்றாம் மாடி விறாந்தையில் இருந்த பெட்டியைப் பிடுங்கி, அன்டெனாவைக் கடித்துப் பார்த்து, ருசி பிடிக்காமல் தெருவில் போட்டுடைத்தது. மிஞ்சிய வயர் விறாந்தை வரைதான், அறைக்குள் எட்டாது. கட்டுகஸ்தோட்டையில் தெரிந்த கடையொன்றில் வேறு பெட்டி இருக்கிறது என்று சனல் அண்ணன் பறந்தார். கொப்பியையும் எடுத்துக்கொண்டுதான்!

பன்னிரண்டானது, ஒன்றானது, இரண்டானது. ஆளைக் காணோம். இரண்டரைக்குப் போன் அடித்தது.

"பிள்ளை, என்னைக் கட்டுகஸ்தோட்டைச் சோதனைச் சாவடியில மறிச்சு வச்சிருக்கினம். அது கிடக்கட்டும். ஹாஜியாரின்ர அறைப் பெட்டியைக் கழட்டி மேல கொண்டுபோய்க் கொளுவுங்கோ."

"ஐயோ அண்ணே! உங்களுக்கு என்னாச்சு?"

"கொப்பியைப் பாத்திட்டினம். பொறுப்பெடுக்க ஆளைக் கூப்பிடு எண்டு ஒரே ஒரு கோல் தந்தவை. அதுக்குள்ள கேளுங்கோ! அந்தப் பெட்டி ஒண்டில நிக்குது. மேல பக்கத்து நகைக்கடைக்காரன்ர பெட்டியும் ஒண்டில. பதினொண்டுக்கு மாத்தாட்டிப் படம் இழுபடும்!"

பாருங்கள் இந்த மனுசனை! தன்னை மீட்கத் தந்த ஒரே அழைப்பில் சனல் மாற்றச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! பாஸ்வேர்டையும் எழுத்தெழுத்தாகச் சொன்னார். பதற்றத்தில் என்ன எழுதுகிறேன் என்றே பார்க்காமல் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். லைன் கட்டானது.

ஹாஜியார் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாய்ந்து போய்ப் பெட்டியைக் கழற்றினேன். "புள்ள, மெச்சு ஓடுது!" என்று கத்தியவர், நான் விசயத்தைச் சொன்னதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு என் பின்னாலேயே படியேறினார். மூன்று மாடி! இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. பெட்டியைக் கொளுவி, லெப்டொப்பைத் திறந்து, உள்ளங்கையைப் பார்த்து ஆங்கில எழுத்துகளைத் தட்டினேன். ஹாஜியார் என் தோளுக்கு மேலால் ஒவ்வொன்றாக வாசித்தார்.

"ஹாஜியார்... நல்லவர்."

அதுதான் பாஸ்வேர்ட். வருசக்கணக்காக ஒளித்து வைத்தது அதைத்தான்.

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "நீ கல்யாணத்தப் பாரு மகள். நா போய் இந்த மடையனக் கூட்டிட்டு வாறன்" என்று திரீவீலரில் ஏறிவிட்டார்.

பதினொன்றுக்கு மாற்றினேன். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்க, கண்ணாடியைத் துடைத்துவிட்டதுபோல் லண்டன் மண்டபம் தெரிந்தது. அம்மா லெப்டொப்பின் மேல் அட்சதை தூவ, நான் விசைப்பலகையைக் கையால் மூட, ஐயா மாவுக்கட்டுக் காலோடு எழும்பப் பார்க்க, கெட்டிமேளம்! நான் விம்மி விம்மி அழுதேன். எனக்கு அந்தப் பெண்ணை யாரென்றே தெரியாது.

சாவடியில் நடந்ததைத் திரீவீலர்க்காரர் பிறகு நடித்தே காட்டினார். "இவர் உங்களுக்கு யார்?" என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டாராம். "மகே மல்லி" என்றாராம் ஹாஜியார். என் தம்பி. அதிகாரி இவர் தொப்பியைப் பார்த்தார், அவர் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார். "ஒரே அம்மாவா?" "ஒரே லொட்ஜ் சேர்" என்று ஹாஜியார் அடையாள அட்டை, லொட்ஜ் லைசன்ஸ், தன் தலை மேல் சத்தியம் எல்லாவற்றையும் வைத்தாராம். அதிகாரி சிரித்துவிட்டு, கொப்பியை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை விட்டார்.

ஐந்து மணிக்கு இருவரும் வந்து இறங்கினார்கள். சனல் அண்ணனின் சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. முகம் கறுத்துக் கிடந்தது.

"தாலி கட்டினது தெரிஞ்சுதோ?"

"நல்லாத் தெரிஞ்சிச்சு அண்ணே. மூணு முடிச்சையும் அம்மா எண்ணிப் பாத்தாங்க."

தலையை ஆட்டினார். "என்ர தங்கச்சியின்ர கலியாணம், யுத்தத்தில யாழ்ப்பாணப் பாதை பூட்டினாப் பிறகு ஊரில நடந்தது. நான் போனில மேளச்சத்தம் மட்டும் கேட்டனான். அதுவும் பாதியில அறுந்துபோச்சு" என்றார்.

எனக்கு அந்த இரண்டு பேரையும் கட்டிப்பிடித்து அழவேண்டும் போல இருந்தது. ஹாஜியார் உள்ளே போய், தன் அறைக் கதிரையைத் தானே இழுத்து வந்து சனல் அண்ணனுக்குப் போட்டார். அதில் அதுவரை வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.