வருங்காலம் காலர் பட்டன் போட்டால்

பதவி உயர்வு வருவதற்கு முன்பே அந்தப் பதவியில் வேலை பார்க்கத் தொடங்கி, கடைசிவரை உயர்வே வராமல் ஓய்வு பெற்ற ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் நன்னிலம் பஸ் கண்டக்டர் வருங்காலம்தான்.

அது அவருடைய சொந்தப் பெயர் இல்லை. சுவருக்குச் சுவர் ‘வருங்கால மந்திரியே’, ‘வருங்கால எம்.எல்.ஏ.வே’ என்று எழுதி வைத்திருந்த காலம் அது. இவரும் யாரைப் பார்த்தாலும், “நான் வருங்கால செக்கிங் இன்ஸ்பெக்டர்” என்று சொல்லிக்கொள்வார். டீக்கடைக்காரர்கள் பின்பாதியை வெட்டிவிட்டு முன்பாதியைப் பெயராக வைத்தார்கள்.

செக்கிங் இன்ஸ்பெக்டர் என்றால் வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறி, எல்லோரிடமும் டிக்கெட் இருக்கிறதா, கண்டக்டர் ஒழுங்கா என்று பார்ப்பவர். அந்தப் பதவி எந்த நிமிஷமும் வந்துவிடலாம் என்பதால் வருங்காலம் தினமும் பழகிக்கொள்வார். டிக்கெட் கொடுத்து முடித்ததும் தோல் பையைக் கழற்றி டிரைவர் சாமிக்கண்ணுவுக்குப் பக்கத்தில் வைப்பார். அடுத்த நிறுத்தத்தில் முன்வாசல் வழியாக இறங்குவார். சட்டையின் காலர் பட்டனைப் போட்டுக்கொள்வார். பின்வாசலில் ஏறும்போது அவர் வேறு ஆள். குரல்கூடத் தடித்திருக்கும்.

“டிக்கெட் டிக்கெட். எல்லாரும் எடுத்துக் கையில வச்சுக்குங்க.”

குஞ்சம்மா அக்கா சும்மா விடமாட்டார். அவரிடம் ஒரு துண்டுக் குத்தகை நிலம் இருந்தது. அதில் வேலை இல்லாத நாளில் மற்றவர் வயலில் நடவுக்குப் போவார்.

“ஏன் தம்பி, இப்பத்தானே நீங்க கிழிச்சுக் குடுத்தீங்க.”

“குடுத்தது கண்டக்டர். கேக்கறது நான்.”

“கண்டக்டர் எங்க போனாரு?”

“அவரைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். ஆளு சரியில்ல.”

எல்லா நாளும் சோதனை இப்படித்தான் முடியும். கண்டக்டர் ஆளு சரியில்லை, மேலே எழுதப்போகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்குவார். பட்டனைக் கழற்றிவிட்டு முன்வாசலில் ஏறி, “செக்கிங் வந்தாரா? என்ன சொன்னாரு?” என்று கவலையோடு விசாரிப்பார்.

எனக்குப் பஸ்ஸில் வாய் திறக்க வராது. என் ஊர் வரும்போது நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி வரப்பு வழியாகத் திரும்பி நடப்பேன். ஒருநாள் இன்ஸ்பெக்டர் இதைக் கண்டுபிடித்துவிட்டார். “இந்தத் தம்பி எங்க இறங்கும்னு தெரிஞ்சும் விசில் அடிக்கல பாருங்க. என்ன உத்தியோகம் பாக்கறான் அந்தக் கண்டக்டர்” என்று பொரிந்து தள்ளினார். மறுநாளிலிருந்து நான் சொல்லாமலே என் ஊரில் பஸ் நின்றது.

போக்குவரத்துக் கழகத்தில் மேலே போக அப்போது இரண்டு வழி இருந்தது. ஒன்று, பரீட்சை எழுதிப் போவது. இன்னொன்று, பரீட்சை எழுதினவர்களைத் தாண்டிப் போவது. வருங்காலம் பரீட்சையில் தேறியிருந்தார். அதனால் அவரைத் தாண்டி நிறையப் பேர் போனார்கள். ஆளுக்கொரு யூனியனில் ஆள் பிடித்தார்கள். இவர் இரண்டு யூனியனிலும் சேர்ந்து பார்த்தார். இரண்டு யூனியன்காரர்களும் இவரை மற்றவன் ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கடைசியில் எங்கள் ஊர் மிராசுதாரைப் பிடித்தார். ஆட்சி மாறும்போதெல்லாம் மிராசுதார் வீட்டுக் கொடிக்கம்பத்தில் கொடி மாறும். கம்பம் மட்டும் மாறாது. மந்திரி வந்தால் அவர் வீட்டில்தான் சாப்பாடு. கார் இருந்தும் அவர் பஸ்ஸில் போகும் நாளில் பஸ் அவர் வாசலில் நிற்கும். முதலில் வேலையாள் குடையைக் கொண்டுவந்து வெளியே காட்டுவான். பிறகு அய்யா வருவார். குடை தெரியும்வரை விசில் கிடையாது. கண்டக்டர்கள் எல்லாரும் படித்திருந்த சட்டம் அது ஒன்றுதான். “அடுத்த மாசம் உனக்குத்தாண்டா” என்று அவரே வருங்காலத்திடம் சொல்லியிருந்தார்.

அந்த மாதம்தான் எங்களுக்கு நன்னிலம் தாலுகா ஆபீஸில் விசாரணை வந்தது. நான், குஞ்சம்மா அக்கா, இன்னும் சிலர் மிராசுதார் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர்கள். குத்தகைதாரர் என்று எங்கள் பெயரைப் பதியக் கூடாது என்று அவர் ஆட்சேபம் கொடுத்திருந்தார். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் எங்கள் மனு தள்ளுபடி. நிலத்தை விட்டு எழுந்து போகவேண்டியதுதான். வருங்காலத்தின் காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது மத்தியானம்.

விசாரணை நாளன்று மிராசுதார் வாசலில் பஸ் நின்றது. வேலையாள் வெறுங்கையோடு வந்து, “அய்யா வராங்க. நிக்கச் சொன்னாங்க” என்றான். நின்றோம். வெயில் ஏறியது. குடை வரவில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த குஞ்சம்மா அக்கா திரும்பினார்.

“கார் கொட்டாய் காலியாக் கெடக்கு. அய்யா காலையிலயே நன்னிலம் போயாச்சு. நாம குடைக்குக் காத்துக்கிட்டிருக்கோம்.”

வருங்காலத்துக்கு வியர்த்தது. “என்னை என்ன பண்ணச் சொல்றீங்கக்கா. விசில் அடிச்சா என் புரமோஷன் போச்சு.”

“அடிக்கலேன்னா எங்க நெலம் போச்சு.”

அக்காவே மறுபடியும் சொன்னார்: “உங்களக் கேட்டு ஆகாது தம்பி. அந்த இன்ஸ்பெக்டர வரச் சொல்லுங்க.”

வருங்காலம் பையைக் கழற்றி சாமிக்கண்ணுவுக்குப் பக்கத்தில் வைத்தார். இறங்கினார். காலர் பட்டனைப் போட அன்றைக்கு வெகுநேரம் ஆயிற்று. பின்வாசலில் ஏறி நேராக வந்து, பையைப் பார்த்துக் கேட்டார்.

“கண்டக்டர், வண்டி ஏன் நிக்குது?”

அவரே மெல்லிய குரலில் பதில் சொன்னார்: “அய்யா வரணும் சார்.”

“டிக்கெட் எடுத்துட்டாரா?”

“இல்லீங்க சார்.”

“எடுத்தவங்க உள்ள வேகறாங்க. எடுக்காத ஆளுக்கு வண்டி நிக்குதா? வண்டிய எடுக்கச் சொல்லு.”

“சார், என் புரமோஷன்...”

“நீ முதல்ல கண்டக்டரா இரு.”

பட்டனைக் கழற்றினார். பையை மாட்டினார். இரட்டை விசில் அடித்தார். சாமிக்கண்ணு அன்றைக்கு ஓட்டியது போல் பஸ்ஸை என்றைக்கும் ஓட்டியதில்லை. தாலுகா ஆபீஸில் எங்கள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே படியேறினோம். உள்ளே நாற்காலியில் இருந்த மிராசுதார் எங்களைப் பார்த்ததும் எழுந்து குடையைத் தேடினார். எங்கள் பெயர்கள் பதிவாயின.

டெப்போவில் மேனேஜர் வருங்காலத்தை விசாரித்தார். அதை சாமிக்கண்ணு சொல்லித்தான் கேட்டேன்.

“யாரைக் கேட்டு வண்டியை எடுத்தே?”

“செக்கிங் இன்ஸ்பெக்டர் உத்தரவு சார்.”

“எந்த இன்ஸ்பெக்டர்?”

“ரொம்பக் கண்டிப்பானவர் சார். இன்னும் ஆர்டர் வரல.”

ஆர்டர் வந்தது. நாகப்பட்டினம் மீன்கூடை ஏறும் பஸ்ஸுக்கு மாற்றல். பதவி உயர்வு மிராசுதார் வீட்டுச் சமையல்காரரின் மருமகனுக்குப் போயிற்று. நல்ல மனிதர்தான். பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும், அது ஒன்றுதான் குறை.

பல வருஷம் கழித்து, ஓய்வு பெறும் சமயத்தில் வருங்காலத்தை எங்கள் பஸ்ஸுக்கே திருப்பி விட்டார்கள். தலை நரைத்திருந்தது. டிக்கெட் கொடுப்பார், ஓரமாக நிற்பார், அவ்வளவுதான். முன்வாசலில் இறங்கவே இல்லை. கடைசி நாளும் அப்படியே போய்க்கொண்டிருந்தது. என் ஊர் நெருங்கியது. எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ தெரியவில்லை.

“இன்ஸ்பெக்டர் சார், என் டிக்கெட்டைப் பாக்கலியே” என்றேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. குஞ்சம்மா அக்கா தன் டிக்கெட்டை உயர்த்திப் பிடித்தார். பின்னால் ஒவ்வொரு கையாக எழுந்தது.

வருங்காலம் பையைக் கழற்றி வைத்தார். காலர் பட்டனைப் போட்டுக்கொண்டார். என் டிக்கெட்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, “கண்டக்டர் ஆளு பரவாயில்ல” என்றார்.

பிறகு பட்டனைக் கழற்றிப் பையை மாட்டிக்கொண்டு, நான் சொல்லாமலே என் ஊருக்கு விசில் அடித்தார்.