அவர் கையால் போட்ட முடிச்சு

இந்த உலகத்தில் நம்பத்தகுந்தவர்கள் மொத்தமே ஒருவர்தான். அந்த ஒருவர் தாம்தான் என்பதை அவர் மிகுந்த அடக்கத்தோடு ஒப்புக்கொள்வார்.

நான்கு மாடிக் கட்டடத்தின் வெளிப்புறத்தில் கயிற்றில் தொங்கியபடி கண்ணாடி துடைப்பது அவர் தொழில். கட்டடம் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. கடிகாரம் காட்டும் நேரத்தைப் பக்கத்து ஆளிடமும், பக்கத்து ஆள் சொன்ன நேரத்தைக் கடிகாரத்திடமும் விசாரிப்பவர்.

"அடுத்தவன் போட்ட முடிச்சுல தொங்குறவனை என்னன்னு சொல்வாங்க தெரியுமா?" என்று தினமும் காலையில் மச்சானிடம் கேட்பார். மனைவியின் தம்பி; கூடவே வேலை பார்ப்பவன்.

"என்னன்னு மாமா?"

"காலமானார்னு சொல்வாங்க."

தொங்கும் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று. இரண்டையும் மொட்டைமாடித் தூணில் தம் கையாலேயே கட்டிவிட்டு, டீ குடிக்கக் கீழே இறங்குவார். மச்சான் மட்டும் மேலேயே நின்றுகொள்வான்.

"நீங்க போயிட்டு வாங்க மாமா. நான் கொஞ்சம் காத்து வாங்குறேன்."

"காத்து வாங்கியே குடும்பம் நடத்துறான் உன் தம்பி" என்று வீட்டில் மனைவியிடம் சொல்வார். "என் முடிச்சைப் பாரு. ஒன்பது வருஷத்துல ஒரு தடவை நழுவியிருக்கா?"

நழுவியதில்லைதான்.

அன்று மச்சான் லீவு. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் நாள். சந்தேகம் தனியாக இரண்டு முடிச்சையும் போட்டார். ஆளில்லாத மாடியில் எவனாவது கயிற்றில் கை வைத்துவிட்டால்? இரண்டு பக்கமும் சாவி போடும் மாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

கீழே வாட்ச்மேன் தம் விசில் கயிற்றை நாற்காலிக் காலில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். இவரைக் கண்டதும் எழுந்தார்.

"அண்ணே, மாடிச் சாவியைக் குடுங்க. டாங்க்ல தண்ணி இருக்கான்னு பார்க்கணும்."

"குழாயைத் திறங்க. வந்தா இருக்கு."

"ரெண்டே நிமிஷம்ணே."

"உங்களை நம்பியா?" என்று கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போனார். திரும்பி வந்து, மாடிப் பக்கமிருந்து கதவை மறுபடி பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கயிற்றில் இறங்கினார்.

மூன்றாவது மாடிக்கு நேராகத் தொங்கியபோது, தாம் அரை அடி கீழே இருப்பதைக் கவனித்தார். முதலில் கட்டடத்தைத்தான் சந்தேகப்பட்டார். இன்னொரு அரை அடி இறங்கியதும் விஷயம் புரிந்தது. உடனே காப்புக் கயிற்றைப் பிடித்தார். அதற்கும் முடிச்சு போட்டவர் அதே ஆள்தான் என்பது, அதுவும் நழுவ ஆரம்பித்த பிறகு ஞாபகம் வந்தது.

"வாட்ச்மேன், மேல போய்க் கயித்தைப் பிடிங்க."

"கதவு பூட்டியிருக்குண்ணே. சாவி யார்கிட்ட?"

 சந்தேகம் ஒரு கையால் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்துக் கீழே போட்டார். அது இடுப்பில் தொங்கிய சோப்புத் தண்ணீர் வாளிக்குள் போய் விழுந்தது. வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் முழுவதும் வாட்ச்மேன் தலையில். சாவி மட்டும் அவரைத் தாண்டிப் போய், சாக்கடை மூடியின் கம்பி இடுக்கில் குறி வைத்தது போல இறங்கியது.

"போட்டுட்டேன்" என்று கத்தினார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைண்ணே, கண்ணெல்லாம் சோப்பு" என்று பதில் வந்தது.

கயிறு இன்னொரு அரை அடி இறங்கியது. பக்கத்து ஜன்னல் திறந்தது. பல் ஆஸ்பத்திரி. கையுறையோடு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெரியவர் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"கயித்தை விட்டுட்டு என் கையைப் பிடிங்க" என்றார் டாக்டரம்மா.

"நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதேம்மா."

"இவருக்கும் என்னைத் தெரியாது. கையில ஊசியோட நிக்கிறேன், வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்திருக்காரே. கேளுங்க அவரை."

"ஆ" என்றார் பெரியவர், ஆமோதிப்பாக.

காப்புக் கயிறு மொத்தமாக அவிழ்ந்து, அவர் தோளை உரசிக்கொண்டு கீழே போனது. சந்தேகம் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினார். வாழ்க்கையில் முதல்முறையாக, யாரையும் விசாரிக்காமல்.

டாக்டரம்மா ஒரு கையையும், வாயில் பஞ்சோடு ஓடிவந்த பெரியவர் இன்னொரு கையையும் பிடித்து இழுத்ததில், மூவரும் தரையில் கிடந்தார்கள்.  சந்தேகம் இருவரையும் கும்பிட்டார். பெரியவர் பஞ்சோடு ஏதோ சொன்னார். பெரிய மனசோடு சொன்னது போலத்தான் இருந்தது.

நுரை வழிய வழிய வாட்ச்மேன் படியேறி வந்தார்.

"எப்படி நழுவுச்சு?" என்றார் சந்தேகம். "ஒன்பது வருஷமா நழுவாத முடிச்சு."

 வாட்ச்மேன் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நீங்க டீ குடிக்கப் போனதும் உங்க மச்சான்தாண்ணே தினமும் ரெண்டையும் அவிழ்த்து மறுபடி கட்டுவாரு. சொன்னா மாமா மனசு ஒடிஞ்சு போயிடும்னு உங்ககிட்ட சொல்லல. இன்னைக்கு லீவுன்னு, நேத்து என்னை ஒரு மணி நேரம் உட்கார வச்சு முடிச்சு போடக் கத்துக்குடுத்துட்டுப் போனாரு. நீங்கதான் சாவி தரல."

அன்று சாயங்காலம், "உன் தம்பி நல்லவன்" என்று வீட்டில் சொன்னார். மனைவி எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் இரண்டு முடிச்சும் போட்டார். புதுப் பூட்டின் சாவியைத் தூணோரம் வைத்தார்.

"பிள்ளை அழுதாளா?"

"இல்ல மாமா. டீச்சர் கையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போயிட்டா."

"சரி. நீ காத்து வாங்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

டீக்கடையில் தம்ளரைக் காலி செய்து, மாடியை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணு போடுப்பா."

"என்னண்ணே, என்னைக்கும் இல்லாம ரெண்டாவது டீ?"

"மெதுவாப் போடு" என்றார் சந்தேகம். "அவசரமில்ல."