வளைவில் நின்ற வெள்ளை உருவம்

ஒளியார் என்ற சாமியாரிடம் காட்டாத வண்டி ஓடவே லாயக்கில்லை என்று எங்கள் ஊர் மூன்றே மாதத்தில் முடிவு கட்டிவிட்டது. ஞாயிறு காலை ஆறு மணிக்கே அவருடைய குடோன் வாசலில் கார்கள் வரிசை கட்டும். எல்லாம் பத்து, பதினைந்து வயதுக் கார்கள். புதுக் கார்க்காரர்கள் வருவதில்லை. அவர்களுக்குக் கம்பெனியே வெள்ளை விளக்குப் போட்டுக் கொடுத்துவிடுவதால் அருள் தேவைப்படவில்லை போலும்.

தண்ணீர்த் தொட்டி வளைவில் ஒரு வெள்ளை உருவம் நிற்கிறது என்று முதலில் சொன்னவரே ஒளியார்தான். பழைய மஞ்சள் ஹெட்லைட் கிழட்டுக் கண்ணாம். கிழட்டுக் கண்ணைக் கண்டால் அந்த உருவத்துக்கு இளக்காரமாம். அதற்கு அவர் தரும் பரிகாரம் எல்இடி பல்பு. பல்பு என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். 'ஞானக்கண்' என்று சொல்ல வேண்டும். கறுப்புத் துணியில் சுற்றி, மூன்று முறை ஊதி, நெற்றியில் ஒற்றிக் கொடுப்பார். அட்டைப்பெட்டி மட்டும் கடைத்தெருவில் கிடைக்கும் அதே அட்டைப்பெட்டி. விலைச் சீட்டைக் கிழித்த தழும்பு மேலே இருக்கும். போன வருடம் அவர் சீட் கவர் விற்றுக்கொண்டிருந்தார். சீட் கவரில் அருள் நிற்கவில்லை.

முதல் மாதம் உருவத்தைப் பார்த்தவர் அவர் ஒருவர். இரண்டாம் மாதம் ஒன்பது பேர். மூன்றாம் மாதம் எண்ணுவதை விட்டுவிட்டார்கள். பார்த்தவர்கள் பெருகப் பெருகப் பல்பு விற்றது. பல்பு விற்க விற்கப் பார்த்தவர்கள் பெருகினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு தலை போதும். எங்கள் ஊரில் தலைக்கா பஞ்சம்? எல்லாம் குடோன் வாசலில் குனிந்து நின்றன.

அதில் என் தலையும் ஒன்று.

என் கணவர் பள்ளியில் அறிவியல் நடத்துகிறவர். ஒளிச்சிதறல் பாடத்தை வருடா வருடம் படம் போட்டு நடத்துவார். பாடம் வேறு, வண்டி வேறு. எங்கள் பழைய காருக்கும் இரண்டு ஞானக்கண் வாங்கினோம். கழற்றிய பல்புகளை ஓடும் தண்ணீரில் விடச் சொன்னார் ஒளியார். என் கணவருக்கு எதையும் எறிய மனம் வராது. டேஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு வைத்தார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் கிளம்பினோம். சாலை பால் கொட்டியதுபோல் வெளுத்துக் கிடந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கு நன்றாகத் தெரிவதால் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். வாழ்க்கையில் பாதி விஷயங்களை நான் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

வளைவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. ஒரு முறைதான். யாரோ ஒதுங்கியிருப்பார்கள் என்றார் கணவர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அரை மணி நேரத்தில் அத்தானிடமிருந்து போன் வந்தது. அக்கா வளைவில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்துவிட்டாள், திடீரென்று கண்ணே தெரியாமல் போனதாம், கணுக்காலுக்கு மேல் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். வெள்ளை உருவம் தள்ளிவிட்டது என்று ஊர் சொன்னது. சைக்கிள் மணி கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பேயை நம்புகிறவர்கள் எல்லாம் பயந்தாங்கொள்ளிகள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சிலருக்கு அது பெரிய வசதி. சுமக்க முடியாததை அதன் தலையில் இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நான்கு நாள் நானும் தூங்கினேன்.

ஐந்தாம் நாள் அத்தான் ஒளியாரிடம் போய்வந்தார். உருவம் காலுக்குள் புகுந்துவிட்டதாம். மாவுக்கட்டு அதற்கு வீடு கட்டிக் கொடுத்த மாதிரியாம். ஞாயிற்றுக்கிழமை கட்டைப் பிரித்து, காலை ஊன்றச் செய்து, ஏழு நாள் ஞானக்கண் வெளிச்சத்தில் நிறுத்த வேண்டுமாம். கட்டை அசைத்தால் ஆயுசுக்கும் நொண்டி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் ஊதித் தருவதில்லையே, அதனால் அத்தான் அவர் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். ஒரு நூலிழை நகர்ந்தால் பார்வை கெடும் என்பதிலேயே பதினெட்டு வருடம் ஓட்டியவள். அத்தான் சொன்னதைக் கேட்டுச் சண்டை போடவில்லை.

"சரி, வர்றேன். ஆனா கால்ல கைவைக்கிறதுக்கு முன்னாடி அவரு ஒரு கேள்விக்குப் பதில் சொல்லணும்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உங்க கார்ல கூட்டிட்டுப் போ," என்றாள்.

ஞாயிறு காலை குடோன் நிரம்பி வழிந்தது. கட்டு வெட்டும் கத்திரியோடு ஒளியார் தயாராக நின்றார். சக்கர நாற்காலியில் இருந்த அக்கா, எங்கள் காரை உள்ளே கொண்டுவந்து ஷட்டரைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். ஒளியாரையும் கூட்டத்தையும் இருபது அடி தள்ளி ஷட்டர் பக்கம் நிற்க வைத்தாள். தன் நாற்காலியை இடது ஹெட்லைட்டுக்கு ஒரு சாண் தள்ளிப் போடச் சொன்னாள். அத்தான் ஷட்டரை இறக்கினார். கும்மிருட்டு. கணவர் விளக்கைப் போட்டார்.

"என் காலுக்குள்ள இருக்கிறதே உங்களுக்குத் தெரியுதே," என்றாள் அக்கா. "வெளிய இருக்கிறதச் சொல்லுங்க. நான் எத்தனை விரல் காட்டுறேன்?"

ஒளியார் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டார். "ஒளியில விரலப் பாக்கக் கூடாதும்மா. ஆன்மாவப் பாக்கணும்."

"ஆன்மாவுக்கு எலும்பு முறியலீங்க. விரலச் சொல்லுங்க."

கண்ணை இடுக்கிக்கொண்டு, "மூணு," என்றார். பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் நாலு என்றார். பின்னால் ஒரு குரல் நடுங்கியது: "ஐயோ, அங்க வெள்ளையா ஒரு உருவம் நிக்குது."

"நிக்கல, உக்காந்திருக்கு," என்றாள் அக்கா. "அது என் மாவுக்கட்டு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். விளக்கை உயர்த்தி ஹைபீமில் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று ஒளியார் சத்தம் போட்டார். லாரி டிரைவர் வந்து எட்டிப் பார்த்து, தாழ்த்திய லோபீம்தான் என்றார். அக்கா என் கணவரைப் பார்த்தாள். அவர் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து, பழைய பல்புகளை எடுத்து மாட்டினார். பாடமும் வண்டியும் அன்றைக்குத்தான் ஒரே இடத்தில் சந்தித்துக்கொண்டன.

மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. கூட்டத்தின் இடுப்புக்குக் கீழே, கோடு கிழித்த மாதிரி. மேலே இருட்டு. யாருக்கும் கண் கூசவில்லை. நாற்காலி தெரிந்தது. அக்கா தெரிந்தாள். அவளுடைய இரண்டு கைகளும் மடியில் கோத்தபடி இருந்தன.

"நான் கையத் தூக்கவே இல்ல," என்றாள்.

அவளே தொடர்ந்தாள். ஹெட்லைட்டுக்குள் இருக்கும் கண்ணாடிக் கிண்ணம், பழைய பல்பில் கம்பி எரிகிற இடத்துக்கென்று அளந்து செய்தது. அதற்குள் வேறு பல்பைச் சொருகினால், அடுத்தவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்ட கதைதான். வெளிச்சம் நிறைய இருக்கும், இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. எதிரே வருகிறவன் கண்ணில் போய் விழும். அவனுக்குச் சாலை மறைந்து வெள்ளையாக ஏதோ நிற்கும். அவன் பயந்துபோய் ஒளியாரிடம் ஓடி இரண்டு பல்பு வாங்குவான். அடுத்து அவனுக்கு எதிரே வருகிறவன் ஓடுவான்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் ஒளி தங்காது என்று சொல்லிக்கொண்டே ஒளியார் பக்கத்துக் கதவு வழியாக நழுவித் தன் காரில் ஏறினார். லாரி டிரைவர் விடவில்லை. காருக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

"சாமி, உங்க வண்டியில மஞ்சப் பல்புதான இருக்கு? உங்களுக்கு ஞானக்கண் வேணாமா?"

பதினைந்து வயது காரில் பதினைந்து வயது பல்பு பத்திரமாக இருந்தது. ஊர் முழுக்கக் கண் திறந்துவிட்டவர், தன் கண்ணை மட்டும் கவனமாக வைத்திருந்தார்.

கூட்டம் கொதித்தது. பணத்தைத் திருப்பிக் கேட்டது, சட்டையைப் பிடித்தது. ஏமாந்தவர்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். வெட்கம் வரத்தான் நேரமாகும். எனக்கு அது அப்போதே வந்துவிட்டது. நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு வந்தது எங்க வண்டி."

"தெரியும்டி."

"கண்ணு தெரியலன்னு சொன்னியே?"

"காது கேட்டுச்சே. உங்க வண்டி இன்ஜின் பெல்ட் கத்துறது எனக்குத் தெரியாதா? நீயா சொல்லுவேன்னு ஒரு வாரமாப் பாத்துட்டிருந்தேன்." மாவுக்கட்டின் மேல் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள். "போ, போய் அந்தக் கத்திரிய வாங்கி வை. உங்க அத்தான் இன்னும் அதையே பாத்துட்டிருக்காரு."

ஒளியார் இப்போது எங்கள் ஊரில் இல்லை. வேறு ஊரில், வேறு பெயரில், வேறு எதையாவது ஊதிக்கொண்டிருப்பார். உங்கள் ஊராகவும் இருக்கலாம். அவருடைய குடோன் வாசலில் வரிசையில் நிற்குமுன், உங்கள் வண்டி விளக்கைப் போட்டுவிட்டு, எதிரே வருகிறவனுடைய இடத்துக்குப் போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அதற்கு ஞானக்கண் வேண்டாம். இருபது அடி நடந்தால் போதும்.