இருநூற்று நாற்பது எலிகளும் ஒரு மாப்பிள்ளையும்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் என் மனைவியும் மகளும் நலம். தங்கள் மகனும் நலம்தான். என்னைத் தவிர மற்ற எல்லாரிடமும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்ததை வைத்து அதைத் தெரிந்துகொண்டேன். தாங்களும் சம்பந்தியம்மாவும் குறைவில்லாமல் இருப்பீர்கள் என நம்புகிறேன்.

"மாமா என்னை இதயமே இல்லாதவன்னு சொல்லிட்டார், தனி வீடு பார்க்கப் போறேன்" என்று மாப்பிள்ளை தங்களிடம் தொலைபேசியில் சொன்னதாக மகள் சொன்னாள். அவர் சொன்னது உண்மை. ஆனால் தாங்கள் முப்பது வருடம் நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டு வழக்குக் கட்டை மூடி வைக்கிற பழக்கம் தங்களுக்கு இருக்காது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வேலை பார்க்கும் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், எந்த மருந்தையும் விலங்குகளிடம் பரிசோதிப்பதற்கு முன் ஒரு கமிட்டி அனுமதி தர வேண்டும். அதில் டாக்டர்கள் உண்டு, தலைவராக ஒரு கால்நடை மருத்துவர் அம்மாள் உண்டு, விஞ்ஞானத்தோடு சம்பந்தமே இல்லாத வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டுமாம். "புரியலைன்னா புரியலைன்னு கூச்சப்படாம சொல்ற ஆள் வேணும் சார்" என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார். முப்பத்தைந்து வருடம் கணக்கு வாத்தியாராக இருந்துவிட்டு, ஓய்வு பெற்றபின் செய்தித்தாளில் தப்புக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவன் நான். உடனே ஒப்புக்கொண்டேன். மாப்பிள்ளை அங்கேதான் வேலை பார்க்கிறார் என்றும் சொன்னேன். அதனால் பாதகமில்லை, விண்ணப்பத்தில் பெயரைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுத்தான் தருவோம் என்றார். மாப்பிள்ளை அங்கே கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறார் என்றே நான் நினைத்திருந்ததால் எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. அவர் வேலையைப் பற்றி வீட்டில் பேசியதே இல்லை. "நீங்க பேசி முடிச்சாத்தானே அவர் பேசுறதுக்கு" என்கிறாள் என் மனைவி. பெயரில்லாத தாள் கையில் கிடைத்தால் வாத்தியார் கை இன்னும் வேகமாக ஓடும் என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

வந்தது ஒரு விண்ணப்பம், நாற்பத்தெட்டு பக்கம். சர்க்கரை நோயாளிகளின் காலில் ஆறாமல் கிடக்கும் புண்ணுக்கு மருந்து தேடும் ஆராய்ச்சி. எலிகளின் முதுகில் புண் உண்டாக்கி, ஆறு வகைக் களிம்புகளைத் தடவிப் பார்ப்பார்கள். தேவைப்படும் எலிகள் இருநூற்று நாற்பது. தங்களுக்குத் தெரியும், என் மனைவியின் காலில் இரண்டு வருடமாக அப்படி ஒரு புண். தினமும் காலையில் நான்தான் கழுவிக் கட்டுகிறேன். ஆகவே இந்த ஆராய்ச்சியே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நானில்லை. எலியைத் தொடாதே என்று அங்கே கையை நீட்டிப் பேசிவிட்டு, ஏதோ ஒரு எலியின் புண்ணியத்தில் வந்த மாத்திரையை வீட்டில் மனைவிக்கு எடுத்துக் கொடுக்கிற கூத்து எனக்கு ஆகாது. ஆனால் கணக்கு கணக்குதானே? பதினோராம் பக்கத்தில் ஒவ்வொரு களிம்புக்கும் இருபது எலிகள், அதோடு ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே போடாத இருபது எலிகள் என்று ஆறு முறையும் தனித்தனியாகக் கேட்டிருந்தது. இருபத்தொன்பதாம் பக்கத்தில் வலி மருந்து திங்கள் முதல் சனி வரை என்று இருந்தது. 'ஞாயிற்றுக்கிழமை வலிக்காதா?' என்று சிவப்பு மையில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைசிப் பக்கத்தில், 'ஆறாத புண்ணோடு இருப்பவர் பக்கத்தில் ஒரு நாளாவது உட்கார்ந்திருந்தால் இதை எழுதியவர் இப்படி எழுதியிருக்கமாட்டார்' என்று எழுதி, யாரும் கேட்காமலேயே மதிப்பெண்ணும் போட்டேன்.

கமிட்டி விஷயத்தை வெளியே பேசக் கூடாது. பேசினேன். பெயர் சொல்லவில்லையே என்ற சமாதானத்தோடு, சாப்பாட்டு மேசையில், எல்லாரும் இருக்கும்போது.

"ஒரு ஆள் நாப்பத்தெட்டு பக்கம் எழுதியிருக்கான், எலிக்கு வாரத்துல ஒரு நாள் வலி லீவு விட்டிருக்கான்" என்று ஆரம்பித்தேன்.

"அப்பா, சாப்பிடும்போது எலி வேண்டாம்ப்பா" என்றாள் மகள்.

மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை மார்க் போட்டீங்க மாமா?" என்றார். மார்க் போட்டேன் என்று நான் சொல்லவேயில்லை. ஆனாலும் என்னைத் தெரிந்தவர் அல்லவா.

"நூத்துக்கு முப்பத்திரண்டு."

"பாவம், மூணு மார்க் சேர்த்துப் போட்டுப் பாஸ் பண்ணி விட்டிருக்கலாம்ல" என்றாள் மனைவி.

"எழுதினவனுக்கு இதயம்னு ஒண்ணு இருந்தா போட்டிருப்பேன்."

மாப்பிள்ளை எழுந்து போய்க் கை கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, குரலை உயர்த்தாமல், "அது நான் எழுதினது மாமா. அத்தை காலைப் பார்த்துட்டுத்தான் எழுதினேன்" என்றார்.

சம்பந்தி, இந்த இரண்டு வருடமும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் என் மனைவியை மாடிப்படியில் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர் தங்கள் மகன். கம்ப்யூட்டர் வேலையை விட்டு, புண் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவராகவே கேட்டு மாறியிருக்கிறார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அவரைத்தான் நான் புண்ணின் பக்கத்தில் உட்காராதவன் என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தைந்து வருடத்தில் நான் இவ்வளவு தப்பாக ஒரு தாளைத் திருத்தியதில்லை.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினார், ஆனால் பேசாமல் இருந்திருக்கலாம். துணி அலமாரியைக் குதறிக்கொண்டிருந்த எலிக்காக நான் வாங்கி வைத்த கூண்டில் அன்று காலை அது மாட்டியிருந்தது. மாப்பிள்ளை குனிந்து கூண்டைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இதுக்கு எந்தக் கமிட்டி மாமா அனுமதி கொடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குமேல் அந்த எலியை நான் என்ன செய்ய முடியும்? கூண்டோடு எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குப் போய்க் கதவைத் திறந்தேன், வரமாட்டேன் என்றது, தட்டினேன், கெஞ்சினேன், கவிழ்த்தேன், ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து நின்றிருந்த பேருந்துக்குள் ஏறிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் இருக்கை மேல் ஏறி நின்றார்கள். "பெரியவரே, வழியனுப்ப வந்தீங்க சரி, டிக்கெட் யார் எடுக்கிறது?" என்று கத்தினார் கண்டக்டர்.

நேராகக் கமிட்டித் தலைவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். விண்ணப்பம் போடுகிறவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர் கமிட்டியில் இருக்கவே கூடாதாம். கறுப்பு மையை நம்பி அந்தப் பக்கத்தை அவரும் படிக்கவில்லை. "உங்க கையெழுத்து செல்லாது சார். ஆனா உங்க கேள்வி செல்லும். அதை நான் கேட்கிறேன்" என்று சொல்லி, எலிகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். தொப்பி, மேலங்கி, காலுக்கு உறை எல்லாம் மாட்டிவிட்டார்கள். வரிசை வரிசையாகக் கூண்டுகள், ஈரமான மரத்தூள் வாசனை. ஒரு வெள்ளை எலி முன்கால்களால் முகத்தைத் துடைத்துவிட்டு, வினாத்தாளுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தது. "ஞாயித்துக்கிழமை தீனியும் தண்ணியும் வைக்க ஒருத்தர் வந்துட்டுப் போயிடுவார் சார். ஊசி போடுறவங்களுக்கு அன்னிக்கு லீவு" என்றார் கூண்டு சுத்தம் செய்பவர். ஆக, மாப்பிள்ளை இதயமில்லாமல் எழுதவில்லை. ஆள் இல்லாமல் எழுதியிருக்கிறார்.

அப்புறம் எங்களைச் சேர்த்து வைத்தது என் மனைவிதான். இன்று காலை கட்டு மாற்றும் நேரத்தில் இருவரையும் கூப்பிட்டாள். "எழுதின ஆள் காலைப் பிடிங்க, திருத்தின ஆள் கட்டுப் போடுங்க" என்றாள். பிடித்தார், போட்டேன். "ஞாயித்துக்கிழமை வலிக்குமான்னு என்னைக் கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பேன். அதுக்கு ஒரு கமிட்டி, அதுக்கு ஒரு சண்டை!" என்றாள். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தர்ப்பத்தை விடாமல் நான் மன்னிப்புக் கேட்டேன், கையோடு ஓர் உதாரணமும் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்பு இருந்தால் ஆறு மணியா கட்டுகிறோம், ஒரு மணியைத்தானே எல்லாரும் கேட்கிறார்கள், மருந்து போடாத எலிகள் ஒரு இருபது இருந்தால் ஆறு களிம்புக்கும் அதோடு ஒப்பிடலாமே என்றேன். மாப்பிள்ளை பென்சில் எடுத்தார். "நூத்தி நாப்பது போதும் மாமா. நூறு குறையுது. ஞாயித்துக்கிழமை நானே போய் ஊசி போட்டுட்டு வரேன்" என்றார். "வீடு?" என்றேன். "வீடாவது ஒண்ணாவது, கோவத்துல சொன்னது" என்றார்.

ஆகவே சம்பந்தி, எல்லாம் சுமுகமாக முடிந்தது. கமிட்டியா வீடா என்றால் எனக்கு வீடுதான். ராஜினாமாக் கடிதத்தை, நூற்று நாற்பது எலிக் கணக்கையும் அதிலேயே சேர்த்து எழுதி, மகளிடம் கொடுத்துக் கமிட்டித் தலைவருக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளைகள் எங்களோடுதான் இருப்பார்கள். தாங்கள் கவலைப்படவும் வேண்டாம், பயணச் சிரமம் எடுத்துக்கொண்டு வரவும் வேண்டாம்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். தாங்கள் இருவரும் எந்த மருந்தும் தேவைப்படாமல் நெடுங்காலம் வாழ வேண்டும் என வேண்டிக்கொள்ளும்,

தங்கள் சம்பந்தி.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கமிட்டித் தலைவர் என் ராஜினாமாவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "நூறு எலியை மிச்சம் பிடிச்ச ஆளை விட்டுடறதா? மாப்பிள்ளை தாள் வரும்போது வெளியே போய் டீ குடிங்க சார், மத்த தாளையெல்லாம் யார் படிக்கிறது?" என்றார். ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறதே என்றேன். "அவ்வளவுதானே?" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போன மாப்பிள்ளை, ஒரு மணி நேரத்தில் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்துவிட்டு வந்து நிற்கிறார். "என் தாளை முழுசாப் படிச்ச ஒரே ஆள் நீங்கதான் மாமா, கமிட்டியை விடாதீங்க" என்கிறார். மகள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். ராஜினாமாவைக் கிழித்துவிட்டேன். ஆகவே மேலே கடைசியில் எழுதிய எதையும் பொருட்படுத்தாமல் தாங்கள் உடனே புறப்பட்டு வரவும். என் மனைவி எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை. சமையலறையைப் பார்த்துத்தான் பேசுகிறாள்: "சண்டை போட்டுக்கிட்டுப் போனா சமாதானம் பண்ணி நிறுத்தலாம். இப்படிச் சந்தோஷமா போறவங்களை நான் என்ன சொல்லி நிறுத்துறது?"