அமாவாசையை எனக்கு விட்டுத்தர மச்சானுக்கு ஒரு விண்ணப்பம்

செஞ்சி,
வைகாசி அமாவாசைக்கு ஒரு வாரம் முன்பு.

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் தங்கராசு அவர்களுக்கு, உங்கள் தங்கை அமிர்தவல்லியின் புருஷன் நெடுமாறன் எழுதிக்கொள்வது. இங்கே இருவரும் உடம்பால் சுகம். பேச்சுவார்த்தை மட்டும் "சாப்ட வாங்க", "மோர் வேணுமா" என்ற அளவில் நிற்கிறது. தாம்பரத்தில் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். ஃபோனில் சொல்லலாம்தான், ஆனால் பஸ் டெப்போவில் கத்திப் பழகிய குரல், நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால்தான் கடிதம்.

நான் ரிட்டையர் ஆனதற்கு நீங்கள் ஒரு தொலைநோக்கி வாங்கிக் கொடுத்தீர்களே, வினை அங்கேதான் ஆரம்பம். தென்வானத்தில் ஒமேகா சென்டாரி என்று ஒரு கோளக் கொத்து இருக்கிறது. கோடி நட்சத்திரம் ஒரே உருண்டையாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். குழாய் வழியே பார்த்தால் கறுப்புத் துணியில் ரவையைக் கொட்டினாற்போல இருக்குமாம். இன்னும் 'இருக்குமாம்' என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது, அதுதான் என் வயிற்றெரிச்சல். எங்கள் கொல்லைக்குப் பின்னால் ரைஸ்மில். அதன் கூரைமேல் எரிகிற விளக்கில் ராத்திரியில் ஊசி விழுந்தாலும் எடுக்கலாம், நட்சத்திரம் மட்டும் தெரியாது. மாதத்தில் ஒரே நாள், அமாவாசைக்கு, மில்லுக்கு லீவு. முதலாளியிலிருந்து மூட்டை தூக்குகிறவர் வரை விளக்கை அணைத்துவிட்டு மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விடுவார்கள். எனக்கு வானம் என்று இருப்பது அந்த ஒரு நாள்தான்.

உங்கள் தங்கைக்கு அங்காளம்மனும் அதே நாள்தான். போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனபோது, பார்வை நல்லபடியாகத் திரும்பினால் ஒன்பது அமாவாசைக்குப் புருஷனும் பெண்டாட்டியுமாக வந்து கும்பிடுவதாக வேண்டிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து அமாவாசை தவறாமல் மலையனூர் ஸ்பெஷல் பஸ் அனுப்பியே தேய்ந்தவன் நான். ஜுரம் என்றால்கூட அன்றைக்கு லீவு கிடையாது. இனிமேலாவது ஒரு அமாவாசைக்கு நான் என் வீட்டில் இருக்கக்கூடாதா? இதைக் கேட்டால், "கண்ணக் குடுத்தவ அங்க உக்காந்துனு இருக்கிறா. அவளப் பாக்காம குழாயில இன்னா பாக்கப் போறீங்க?" என்கிறாள்.

சண்டை வேண்டாம் என்று பங்குனி அமாவாசைக்கு நானே ஒரு டைம்டேபிள் போட்டேன். நாலு மணி பஸ்ஸில் போவது, கும்பிடுவது, ஒன்பதுக்குள் கொல்லையில் இருப்பது. போனோம், கும்பிட்டோம், திரும்பும்போது தற்காலிக பஸ் ஸ்டாண்டில் என் சீட்டுக்கு வந்திருக்கிற ஆனந்தராஜ் பிடித்துக்கொண்டான். ரெண்டு பஸ் மூக்கோடு மூக்கு முட்டிக்கொண்டு நிற்க, பையன் அழாத குறை. அஞ்சே நிமிஷம் அண்ணே என்று விசிலை என் கையில் திணித்தான். ஊதினேன். ஊதினதுதான் தெரியும் மச்சான், அப்புறம் நிறுத்த முடியல. திருவண்ணாமலை வண்டியைப் பின்னுக்குத் தள்ளி, அவலூர்பேட்டை வண்டியை முன்னுக்கு இழுத்து, எல்லாரையும் ஏற்றிவிட்டு நான் வீடு சேரும்போது மணி ஒண்ணரை. மில்லு விளக்கு ஜெகஜோதியாக எரிந்தது. மில்காரர்களை முதல் வண்டியில் ஏற்றி அனுப்பிய மடையன் நானேதான்.

சித்திரை அமாவாசைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதாகப் படுத்துவிட்டேன். பொய்தான், உங்களிடம் மறைப்பானேன். உங்கள் தங்கை நம்பினாள். நம்பினதோடு விடாமல், எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி எதிர்வீட்டுக் காத்தாயியைக் காவலுக்கு வைத்துவிட்டுப் போனாள். பத்து மணிக்கு அந்தம்மா கண் அசந்த நேரம் பார்த்து நான் கொல்லைக்கு நழுவி, குனிந்து, கண்ணைக் குழாயில் வைத்து, அந்த உருண்டை ஓரத்தில் மெள்ள எட்டிப் பார்க்கிற சமயம், காத்தாயி வந்துவிட்டாள். இடுப்பு அப்படியே மடங்கி மாட்டிக்கொண்டது என்று நினைத்து, பின்னாலிருந்து கட்டிப் பிடித்து ஒரே இழுப்பு. குழாய் கொய்யாமரத்தில் போய் நின்றது. இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. எட்டு நாள் படுக்கை. ஜோடியாக வராததால் அந்த அமாவாசை கணக்கில் சேராது என்றும் தீர்ப்பாகிவிட்டது.

இந்த வைகாசியை விட்டால் மழைமேகம் வந்துவிடும், அப்புறம் அடுத்த வருஷம்தான். ஆகவே மச்சான், இந்தக் கடிதம் கண்டதும் உங்கள் தங்கைக்கு ஃபோன் போட்டு, வேண்டுதலுக்கு ஒருத்தர் போனாலே போதும் என்று பெரியவராக லட்சணமாக எடுத்துச் சொல்லுங்கள். நானும் தினம் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் சொன்னால் எடுபடாது, அண்ணன் வாக்கு அவளுக்கு வேதவாக்கு.

வீட்டில் எல்லாருக்கும் என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசி. ராத்திரியில் மாம்பழம் வேண்டாம்.

இப்படிக்கு,
இருட்டுக்கு ஏங்கும்
நெடுமாறன்

பி.கு.: தபாலில் போட மறந்து கடிதம் ஒரு வாரமாகச் சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. இன்று அமாவாசை. ஏழரைக்கு உங்கள் தங்கை பூ வைத்துக்கொண்டு கிளம்பி நின்றாள். ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கெஞ்சிக் குழாயைத் திருப்பினேன். அப்படி அதில் இன்னாதான் இருக்குது, நகருங்க என்று அவளே முந்திக்கொண்டு கண்ணை வைத்தாள். பத்து நிமிஷம் கழித்து, "இன்னாங்க இது, மலையனூர் ஜனம் மொத்தமும் இங்க வந்து நிக்குது" என்றாள். கண்ணை எடுக்கவில்லை. பஸ் போய்விடும் என்றேன். "வேண்டுதல் உங்க கண்ணுக்குத்தான? ஒருத்தர் போனா போதும்னு நீங்கதான தெனம் சொன்னீங்க. போய்ட்டு வாங்க" என்று தேங்காய்ப் பையைக் கையில் கொடுத்துவிட்டாள். இதை மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றபடி எழுதுகிறேன். மேலே எழுதியது எல்லாம் ரத்து. மீதி அமாவாசைக்கெல்லாம் ஜோடியாகத்தான் போகணும், இல்லாவிட்டால் அம்மன் ஏற்றுக்கொள்ள மாட்டாள் என்று தயவுசெய்து உங்கள் தங்கைக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள்.